கொரியாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு வீட்டு வழக்கத்தையும் சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தில்லி மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். உங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் தென் கொரியாவில் படிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கொரிய அரசின் உதவித்தொகை, டோபிக் மொழித் தேர்வு, விசா, மார்ச்சிலும் செப்டம்பரிலும் தொடங்கும் இரண்டு பருவங்கள் என்று எல்லாம் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். என் மகள் கிளம்பிய சமயத்தில் இப்படி ஒன்று கைக்குக் கிடைத்திருந்தால் எங்களுக்குப் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஆனால் தங்குமிடம் பற்றிய பகுதியில், விடுதி கிடைக்காதவர்கள் கொரியக் குடும்பங்களோடு தங்கலாம், மொழியும் பண்பாடும் தானாக வந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். தானாக வராது, ஐயா. யாராவது முன்கூட்டியே சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். கணவருக்கு மத்திய அரசு வேலை என்பதால் தில்லிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டோம். மகள் டேஜான் நகரில் ஒரு கல்லூரியில் படிக்கப் போனாள். வீடு ஏற்பாடு செய்த முகவர் பணம் வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்தார். இரவு எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும், என்றைக்குத் துணி துவைக்கலாம், வாடகை எந்தத் தேதியில் கட்ட வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு எங்களைப் பற்றிச் சொல்லப்பட்டது அதைவிடக் குறைவு: இந்தியப் பெண், வெஜிடேரியன்.

அந்த வீட்டில் கணவன், மனைவி, கணவரின் தாயார், பள்ளி இறுதியாண்டு படிக்கும் ஒரு பையன். பாட்டியை மகள் ஹல்மோனி என்றும் வீட்டம்மாவை இமோ என்றும் கூப்பிட்டாள். நானும் அப்படியே எழுதுகிறேன். நல்ல மனிதர்கள். அவர்கள்மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

அவள் போனது ஆகஸ்ட் கடைசி. அங்கேயும் அப்போது புழுக்கம்தான். அறையில் மேசை மின்விசிறி ஒன்று இருந்தது. இரவு போட்டுக்கொண்டு படுப்பாள், நடு ராத்திரியில் வேர்த்துக் கொட்டி எழுந்தால் அணைந்திருக்கும். ஒருநாள் அரைத் தூக்கத்தில் பார்த்திருக்கிறாள், ஹல்மோனி மெதுவாகக் கதவைத் திறந்து வந்து அணைத்துவிட்டுப் போகிறார். எனக்குப் போன் போட்டு, “அம்மா, கரண்டு பில்லுக்காக ராத்திரி வந்து ஃபேனை அணைக்கிறாங்கம்மா. எவ்வளவு ஆகுதுன்னு சொன்னா நானே கொடுத்துடுவேன்” என்று அழுதாள். மே மாத தில்லியில் விசிறியின் கீழேயே வளர்ந்த பெண். கேட்ட எனக்கும் வயிறு எரிந்தது.

பிறகு நொய்டாவில் வசிக்கும் ஒரு கொரியப் பெண்மணியின் அறிமுகம் கிடைத்தது. அந்தப் பெண்மணியின் கணவருக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. அவர்தான் விளக்கினார். மூடிய அறையில் மின்விசிறி விடிய விடிய ஓடினால் உள்ளே தூங்குகிறவர் இறந்துபோவார் என்ற நம்பிக்கை கொரியாவில் வெகுகாலமாக உண்டாம். இப்போதைய இளைஞர்கள் அதை நம்புவதில்லை. ஆனால் அந்தத் தலைமுறைப் பாட்டிமார் நம்புகிறார்கள். அப்படியென்றால் அந்த வயதான அம்மாள் தன் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எழுந்து வந்தது காசுக்காக இல்லை, ஊரார் பெற்ற பெண் தன் வீட்டில் செத்துவிடக் கூடாதே என்ற பதைப்பில். விஷயம் தெரிந்ததும் மகள் மின்விசிறியின் டைமரை வைத்து, கதவை ஒரு சாண் திறந்துவிட்டுப் படுத்தாள். அதற்கப்புறம் இருவரும் தூங்கினார்கள். இதைச் சொல்ல எத்தனை வரி ஆகும்? இரண்டு வரி. அந்த இரண்டு வரி எந்தத் தாளிலும் இல்லை.

அக்டோபரில் அவளுக்குப் பிறந்தநாள். இமோ விடியற்காலையில் எழுந்து மியோக்குக் என்கிற கடற்பாசி சூப் வைத்துக் கொடுத்தார். பிள்ளை பெற்ற தாய்க்கு அங்கே பத்தியமாகக் கொடுப்பது அதுதான். பெற்றவளை நினைத்து ஒவ்வொரு பிறந்தநாளிலும் அதைச் சாப்பிடுகிறார்கள். வழக்கமாக மாட்டிறைச்சி போட்டுச் செய்வதை, இவளுக்காக நல்லெண்ணெயும் சோயா சாறும் மட்டும் விட்டுச் செய்திருந்தார். போட்டோ அனுப்பி, “இங்கயும் ஒரு அம்மா இருக்காங்க” என்றாள். நான் அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

நவம்பர் நடுவில் ஒரு வியாழக்கிழமை அந்தப் பையனுக்குச் சுனுங் தேர்வு. கொரியாவில் பல்கலைக்கழகத்தில் சேர எழுதும் தேர்வு அது. அன்றைக்கு நாடே அதற்காக ஒதுங்கி நிற்கும். சாலையில் நெரிசல் இருக்கக் கூடாது என்று அலுவலகங்கள் தாமதமாகத் திறக்கும், ஆங்கிலம் கேட்டு எழுதும் பகுதி நடக்கும்போது சத்தம் வரக் கூடாதென்று விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிற்கும், நேரமாகிவிட்ட மாணவர்களைப் போலீஸ் வண்டியே ஏற்றிக்கொண்டு போய் விடும். வருஷம் முழுக்க அந்த வீட்டில் டிவிகூடச் சத்தமாக வைத்ததில்லையாம். தன்னைத் தங்கைபோல் நடத்திய அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மகளுக்கு ஆசை. யாருக்கும் சொல்லாமல் நாலு மணிக்கு எழுந்து, இமோ செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்ட அதே கடற்பாசி சூப்பைச் செய்து, மேசையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

கடற்பாசி வழுக்கும். அதனால் தேர்வன்று அதைச் சாப்பிட்டால் தேர்விலும் வழுக்கி விழுந்துவிடுவார்கள் என்பது அங்கே எல்லோரும் அறிந்த நம்பிக்கை. அன்றைக்குக் கொடுக்க வேண்டியது ஒட்டிக்கொள்ளும் பண்டம்: பசையரிசியில் செய்த பலகாரம், யோத் என்கிற மிட்டாய். ஒட்டினால் பாஸ். மேசைமேல் அந்தப் பாத்திரத்தைப் பார்த்ததும் ஹல்மோனியின் முகம் வெளுத்துவிட்டது. இமோ ஒன்றும் சொல்லவில்லை. பாத்திரத்தை எடுத்துப் பின்னால் பால்கனியில் வைத்துவிட்டு, மகளின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் பையனைக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் திரும்பி வந்து விளக்கிச் சொல்கிறவரை மகளுக்கு என்ன நடந்தது என்றே தெரியவில்லை. தெரிந்தபின் தேர்வு முடிவு வருகிறவரை அந்தப் பெண் பட்ட பாடு எனக்கும் அவள் அப்பாவுக்கும்தான் தெரியும். பையன் நன்றாகவே எழுதியிருந்தான், நல்ல இடம் கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்? மூடநம்பிக்கைதானே என்று நாம் சொல்லிவிடலாம். இங்கே எங்கள் அக்கம்பக்கத்து வட இந்திய வீடுகளில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்குத் தயிரில் சர்க்கரை போட்டு ஒரு ஸ்பூன் ஊட்டாமல் அனுப்ப மாட்டார்கள். நாமும் ராகு காலம் பார்த்துத்தான் கிளப்புகிறோம். அந்த நாளில் தாய்மாரின் மனது எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கிம்ச்சி விஷயம் வேறு மாதிரி. அங்கே தினமும் சோற்றோடு சாப்பிடும் காய் ஊறுகாய் அது. வந்த முதல் வாரமே, இதில் இறைச்சி உண்டா என்று கேட்டிருக்கிறாள். இல்லை, முட்டைக்கோஸ்தான், காய்தான் என்று இமோ சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. நவம்பர் கடைசியில் கிம்ஜாங் வந்தது. குளிர்காலத்துக்கு வேண்டிய கிம்ச்சியைக் குடும்பமும் உறவும் அக்கம்பக்கமும் கூடி உட்கார்ந்து ஒரே நாளில் போட்டு வைப்பது. 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்த வழக்கம் அது. மகளும் கையுறை மாட்டிக்கொண்டு ஆசையாக உட்கார்ந்தாள். மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி எல்லாம் வந்தது. அப்புறம் ஒரு டப்பாவில் உப்பில் ஊறிய சின்னச் சின்ன இறால் வந்தது, மீன் சாறு வந்தது. மூன்று மாதமாக இரண்டு வேளையும் சாப்பிட்டதில் அது இருந்திருக்கிறது. எழுந்து போய்க் குளியலறையில் வாந்தி எடுத்திருக்கிறாள். வந்திருந்த உறவினர்கள் நடுவில் இமோவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நமக்குச் சைவம் என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. உப்பில் ஊறிய இறாலும் மீன் சாறும் ருசிக்குச் சேர்க்கிற சாமான், அது அசைவம் என்று அங்கே பலருக்குத் தோன்றாது. அன்று மாலையே இமோ கடைக்குப் போய்க் தாஷிமா என்கிற கடற்பாசி வாங்கி வந்து, அதைக் கொதிக்க வைத்த சாற்றில் ஒரு சின்ன ஜாடி கிம்ச்சி தனியாகப் போட்டார். கிம்ச்சிக்கென்றே அங்கே தனி ஃபிரிட்ஜ் வைத்திருக்கிறார்கள். அதில் மகள் பெயர் எழுதி ஒட்டிய ஜாடி அவள் திரும்பி வரும்வரை காலியானதே இல்லை.

அங்கே பௌத்த மடங்களில் இறால், மீன் மட்டுமல்ல, பூண்டு வெங்காயம்கூடச் சேர்க்காத சமையல் உண்டு. “மடத்துச் சாப்பாடு மாதிரி” என்று ஒரு வார்த்தை முகவர் சொல்லியிருந்தால் இமோவுக்கு உடனே புரிந்திருக்கும். நொய்டா அம்மா சொன்னது இது. கொரியாவுக்குப் பிள்ளையை அனுப்பும் சைவக் குடும்பங்கள் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

நான் அதிகம் யோசித்தது எச்சில் பற்றித்தான். மேசை நடுவில் சோயா விழுது போட்ட கொதிக்கும் குழம்பு, ஒரே சட்டி. எல்லோரும் அவரவர் கரண்டியை அதில் விட்டுச் சாப்பிடுவார்கள். கொரோனாவுக்குப் பிறகு தனிக் கிண்ணம் வைக்கும் வீடுகள் பெருகியிருக்கின்றன. இந்த வீட்டில் ஹல்மோனியின் பழக்கம்தான். மகள் ஒரு கிண்ணம் கேட்டாள். தண்ணீர் பாட்டிலையும் வாயில் படாமல் அண்ணாந்து குடித்தாள். ஹல்மோனிக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான்: இந்தப் பெண் நம்மை அசுத்தமானவர்கள் என்று நினைக்கிறாள். சில நாள் அவர் மேசைக்கே வரவில்லையாம். நாம் பெற்ற தாய் குடித்த டம்ளரிலும் குடிக்க மாட்டோம், அதில் யாரையும் குறைத்துப் பார்ப்பது இல்லை என்று அவருக்கு யார் சொல்வது? இவளுக்குத் தெரிந்த கொரிய மொழியில் மாணவருக்கும் ஆசிரியருக்கும் நடக்கும் உரையாடல் இருந்தது, ரயில் டிக்கெட் வாங்குவது இருந்தது. இதைப் பேசும் அளவுக்கு இல்லை. கடைசியில் கல்லூரியில் ஒரு கொரியத் தோழி எழுதிக் கொடுக்க, இவள் ஹல்மோனியின் முன்னால் உட்கார்ந்து படித்துக் காட்டினாள். ஹல்மோனி ஒன்றும் பேசாமல் ஒரு கீரை இலையில் சோறும் டோஃபுவும் வைத்து மடித்து, தன் கையாலேயே இவள் வாயில் ஊட்டிவிட்டாராம். இவள் வாங்கிக்கொண்டாள்.

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதே என்று யூடியூபில் எல்லோரும் சொல்கிறார்கள். இறந்தவர்களுக்கு ஏற்றும் ஊதுபத்தி மாதிரி இருக்கும் என்பதால். அது மகளுக்குத் தெரியும். அந்த ஊதுபத்தியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, திருநீறு பூசி, சின்னப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் இரண்டு ஊதுபத்தி ஏற்றி வைத்தாள். வாசனை வந்ததும் ஹல்மோனி யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறி ஓடி வந்திருக்கிறார். அதேபோல் சந்திரப் புத்தாண்டு அன்று பெரியவர்களை விழுந்து வணங்கும்போது எங்கள் வீட்டு வழக்கப்படி இரண்டாவது முறையும் விழப் போனாள். ஹல்மோனி இரண்டு கையையும் நீட்டித் தடுத்தார். உயிரோடு இருப்பவருக்கு ஒரு வணக்கம், இறந்தவருக்குத்தான் இரண்டு. நல்ல வேளை, அதற்குள் ஒருவரையொருவர் ஓரளவு புரிந்திருந்தார்கள்.

இன்னும் சில உண்டு. வெளியே போகும்போது கீஸர் ஸ்விட்சை அணைக்கச் சொல்லிச் சொல்லி வளர்த்த பெண், ஜனவரிக் குளிரில் எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது பாய்லரை முழுக்க அணைத்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போனாள். அங்கே தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடித்தான் வீடு சூடாகிறது. கடுங்குளிரில் அதை அணைக்கக் கூடாது, வெளியே போகிறவர்களுக்கென்று இருக்கும் நிலையில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாய் உறைந்து வெடிக்கும். வெடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

குப்பை விஷயத்தில் எனக்குப் பொறாமை உண்டு, அதை மறைக்காமல் எழுதுகிறேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் காசிப்பூர் குப்பை மலை தெரியும். 1984-லிருந்து கொட்டிக் கொட்டி வளர்ந்தது, 2017-ல் சரிந்து விழுந்து இரண்டு உயிரைக் கொண்டுபோனது. கொரியாவில் 1995 முதல் குப்பைக்குக் காசு கொடுத்துப் பை வாங்க வேண்டும். 2005 முதல் உணவுக் கழிவை நேராகக் குப்பை மேட்டில் கொட்டத் தடை. உணவுக் கழிவைத் தனியே போட வேண்டும், பல அடுக்குமாடிகளில் கார்டைக் காட்டினால் திறக்கும் தொட்டி எடை பார்த்துக் கட்டணம் போடும். அது தீவனமாகவும் உரமாகவும் போவதால் மாடு பன்றி தின்ன முடியாத எதுவும் அதில் சேரக் கூடாது. வெங்காயத் தோல், பூண்டுத் தோல், முட்டை ஓடு, காபிச் சக்கை எல்லாம் வேறு பையில். சாம்பாரும் ஃபில்டர் காபியும் போடுகிற பெண்ணுக்கு அதில்தான் எல்லாமே தப்பாகும். காவலாளி வந்து இமோவிடம் சொல்லிவிட்டுப் போனார். இமோ அவரிடம் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டதைப் பார்த்து மகளுக்கு மனசே ஆறவில்லை. இப்போது எங்கள் வீட்டில் மூன்று டப்பா வைத்திருக்கிறாள். எங்கள் மாநகராட்சி வண்டி மூன்றையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறது. அது வேறு கடிதத்துக்கு.

இதையெல்லாம் சொன்னால் தெரிந்தவர்கள் இரண்டு விதமாகப் பதில் சொல்கிறார்கள். வெளிநாடு போனால் அட்ஜஸ்ட் பண்ணிக்க வேண்டியதுதான் என்கிறார்கள் சிலர். தெரிந்தால்தானே அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ள முடியும்? சைவப் பெண்ணை அங்கே அனுப்பியதே தப்பு என்கிறார்கள் வேறு சிலர். அதை நான் ஏற்கவே மாட்டேன். அவள் படிப்பும் அந்தக் குடும்பமும் எங்களுக்குக் கிடைத்த நல்ல விஷயங்கள்.

எனக்குத் தோன்றும் காரணம் வேறு. அமெரிக்காவுக்கோ ஜெர்மனிக்கோ போகிற பிள்ளை எல்லாமே வேறாக இருக்கும் என்று உஷாராகப் போகிறது. கொரியா என்றால் நமக்கு நெருக்கமான நாடு என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். போனதும் அது உண்மையாகவும் தெரிகிறது. வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள், பெரியவர் முதல் வாய் சாப்பிடும்வரை காத்திருக்கிறார்கள், மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, சோறுதான் சாப்பாடு. அந்த நம்பிக்கையில் மீதியும் நம் வீடுபோலத்தான் என்று பிள்ளை கால் வைக்கிறது. இரண்டு பக்கமும் அன்பாகச் செய்கிற காரியமே புண்படுத்திவிடுகிறது.

தில்லியில் கொரிய மொழி கற்க இன்றைக்கு வசதி நிறைய. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பட்டமே படிக்கலாம். லாஜ்பத் நகரில் கொரியப் பண்பாட்டு மையம் இருக்கிறது. 2020 தேசியக் கல்விக் கொள்கை பள்ளியில் படிக்கக்கூடிய அயல்மொழிகளில் கொரிய மொழியையும் சொல்கிறது. மொழி சொல்லித் தருகிற எல்லோரும் ஒரே ஒரு பிற்பகலை வீட்டு வழக்கத்துக்கு ஒதுக்கலாம். சமையலறை, குளியலறை, பாய்லர், குப்பை, பூஜை, நோய், துக்கம். போய் வந்த பிள்ளைகளும் இங்கே வசிக்கும் கொரியக் குடும்பத் தலைவிகளும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். ஆர்.கே.புரத்தில் தமிழ்ச் சங்கம் மாதிரி இடங்களில் இதை நடத்த முடியாதா? உங்கள் சென்னைச் செய்தியாளர்களுக்கு இன்னும் எளிது. இருங்காட்டுக்கோட்டையில் கொரிய நிறுவனமான ஹூண்டாயின் கார் தொழிற்சாலை வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. அந்தப் பக்கத்தில் குடியிருந்து நம் வீடுகளை உள்ளே வந்து பார்த்த கொரியர்கள் இருக்கிறார்கள். நம்மிடம் அவர்களுக்கு எது உறுத்தியது, எது புரியவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அவ்வளவு உபயோகமான கட்டுரை வேறு இருக்காது.

குடும்பங்களோடு தங்க ஏற்பாடு செய்யும் முகவர்கள் இரண்டு தாள் தர வேண்டும். ஒன்று பிள்ளைக்கு, ஒன்று அந்த வீட்டுக்கு, கொரிய மொழியில். இந்தப் பெண் இறால் சாறும் சாப்பிட மாட்டாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவாள், வாய் வைத்த பாத்திரத்தைப் பகிர மாட்டாள், தலையை இப்படி அப்படி ஆட்டினால் சரி என்று அர்த்தம். இவ்வளவு எழுதினால் போதும்.

மகளும் அவளோடு போய்வந்த இன்னும் சில பிள்ளைகளும் சேர்ந்து அப்படி இரண்டு தாள்களைத் தமிழிலும் கொரிய மொழியிலும் எழுதியிருக்கிறார்கள். நொய்டா அம்மா பிழை திருத்திக் கொடுத்தார். நீங்கள் கேட்டால் அனுப்பி வைக்கிறேன், விலை ஒன்றும் கிடையாது. மார்ச் பருவத்துக்குச் சேருகிறவர்கள் பிப்ரவரியில் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் ஜனவரிக்குள் உங்கள் கல்விப் பக்கத்தில் அதை வெளியிட முடிந்தால் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
மயூர் விஹார், தில்லி.